தெப்பம் கண்ட திருமலை மன்னர்

ஹாலந்து தேசத்தில் முன்பெல்லாம் கடுங்குளிர் வந்தால் ஆறும் கால்வாயும் உறைந்து பாறையாகிவிடும். ஊரே அதன்மேல் சறுக்கி விளையாடும். வாய் பேச இயலாத ஹென்ட்ரிக் அவர்காம்ப் என்னும் ஓவியர் அந்தக் காட்சியைத் தீட்டியே புகழ் பெற்று, 1634-ல் மறைந்தார். அக்காலத்தில் மதுரையை ஆண்டவர் திருமலை நாயக்கர். வைகையில் பனி உறைவதில்லை. ஆனாலும் ஊர் கூடி நீரில் களிக்க அவரும் ஒரு காட்சியை அமைத்தார். கருங்கல்லைக் கொண்டு அமைத்தார்.

1623-ல் அவர் பட்டமேறியபோது தலைநகரம் திருச்சிராப்பள்ளி. தீராத சளி நோயால் வருந்திய மன்னர், மீனாட்சியும் சொக்கேசரும் கனவில் பணித்தபடி மதுரைக்குக் குடிவந்தார் என்பது வழக்கு. 1636-ல் மகால் எழுந்தது. அதற்குச் செங்கல் அறுக்க வண்டியூர்ப் பக்கம் மண் எடுத்ததில் பெரும் பள்ளம் விழுந்துவிட்டது. முக்குறுணிப் பிள்ளையார் கிடைத்ததும் அங்கேதான் என்பர். வேறு மன்னராயிருந்தால் பள்ளம் பள்ளமாகவே கிடந்திருக்கும்! இவரோ 1645-ல் அதைத் தெப்பக்குளமாக்கினார். நீளம் சுமார் 1000 அடி, அகலம் 950 அடி, நாற்புறமும் கற்படிகள், நடுவே மைய மண்டபம், நீர் வர வைகையிலிருந்து கால்வாய். தாம் பிறந்த தைப்பூசத்தன்று அம்மையும் அப்பனும் தெப்பமேறிக் குளத்தை வலம் வரச் செய்தார். கரையில் நின்று வடம் இழுத்தவர்கள் ஊர் மக்கள்.

விழா நடத்துவதில் மன்னர் கைதேர்ந்தவர். மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தவரும் அவரே. அறுவடை முடிந்த குடியானவன் வண்டி கட்டிக்கொண்டு வர அது வசதியாயிற்று.

கடைசிக் காலம் அத்தனை இனிமையாக இல்லை. மைசூர்ப் படை புகுந்து, அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்தது. மன்னரோ நோய்ப்படுக்கையில் கிடந்தார். ராமநாதபுரம் ரகுநாத சேதுபதி படையோடு வந்து காத்தார். மதுரைப் படையும் மைசூர் எல்லைக்குள் சென்று மூக்கறுத்துத் திரும்பியது. வெற்றி கண்ட மன்னர் நெடுநாள் இருக்கவில்லை. 1659-ல் காலமானார். அவர் தொடங்கிய ராய கோபுரம் அரைகுறையாகவே நின்றுவிட்டது.

மகாலுக்கும் நல்ல காலமில்லை. பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அதன் பல பகுதிகளைப் பெயர்த்துச் சென்றார். எஞ்சியதைப் பிற்காலத்தில் சென்னை கவர்னர் நேப்பியர் பிரபு பழுது பார்த்தார்.

மண் எடுத்த குளம் மட்டும் தப்பியது. வைகை வறண்ட ஆண்டுகளில் அதற்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். தெப்பம் நின்ற இடத்திலேயே பூஜை கண்டது. பனையூர்க் கால்வாய் சீரானபின் குளத்தில் நீர் ஏறிற்று. தைப்பூசத்தன்று கரையில் வடம் மறுபடியும் நீண்டது.