கையால் காரோட்டிய வீரர் கிளே ரெகஸோனி

அவிநாசித் தேரோட்டத்தைக் கண்டோர் ஓர் உண்மையை அறிவர். வடம் பிடிப்போர் பல்லாயிரவராயினும், அம்மாபெருந் தேரை வீதி முனையில் திருப்புவதும் வேண்டுமிடத்தே நிறுத்துவதும் சக்கரத்தடியிற் கட்டையிடும் சிலருடைய கைத்திறமே. வேகத்தை உண்டாக்குதல் ஒன்று. அதனை ஆளுதல் மற்றொன்று. கால்கள் இரண்டும் செயலற்ற பின்னரும் விரைவுக் காரைக் கைகளாலேயே ஆண்ட ஒருவரின் சரிதையை நம் மாணாக்கர்க்கு ஈண்டுச் சுருங்கக் கூறுகின்றோம். செட்டிபாளையத்தில் பந்தயக்களமும், ஊர்தோறும் லேத்துப் பட்டறையும் உடைய நம் கொங்கு நாட்டார்க்கு இச்சரிதை மிகவும் ஏற்றதாகும்.

கிளே ரெகஸோனி 1939-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், ஸ்விட்ஸர்லாந்தில் இத்தாலிய மொழி வழங்கும் டிச்சினோ மாநிலத்திற் பிறந்தார். 1963-இல் பந்தயத் துறையிற் புகுந்தார். 1970-இல் புகழ்பெற்ற பெராரிக் குழுவிற் சேர்ந்து, அவ்வாண்டிலேயே இத்தாலியின் மான்ஸாக் களத்தில் வெற்றி சூடினார். 1973-இல் தென்னாப்பிரிக்காவில் இவருடைய கார் மோதித் தீப்பற்றியபோது, மைக் ஹெயில்வுட் என்னும் சக வீரர் தீயினுட் புகுந்து இவரை மீட்டார். மறு ஆண்டில் 3 புள்ளிகளே குறைந்து உலகப் பட்டத்தை இழந்தார். 1979-இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் வில்லியம்ஸ் குழுவிற்கு முதல் வெற்றியை ஈட்டித் தந்தவரும் இவரே. பார்முலா ஒன்று பந்தயங்களில் இவர் பெற்ற வெற்றிகள் ஐந்து.

1980 மார்ச்சு 30-ஆம் நாள் அமெரிக்காவின் லாங் பீச் நகரில், நான்காண்டுகட்கு முன் தாம் வென்ற அதே களத்தில், கடுவேகத்திற் செல்கையில் பிரேக் மிதி பயனற்றுப் போயிற்று. கார், வழியோரம் நின்ற மற்றொரு காரின்மேல் மோதித் தடுப்பிற் பாய்ந்தது. முதுகெலும்பு ஊறுபட்டமையால் இடுப்பின் கீழ் உணர்வும் இயக்கமும் ஒழிந்தன. அப்பொழுது அவர்க்கு வயது நாற்பது.

இனிக் கார் ஓட்டுதல் இயலாதென்றே பலரும் எண்ணுவர். அவரோ வேறு விதமாய் எண்ணினார். காரில் கால் செய்யும் தொழில்கள் மூன்று: ஆக்ஸிலேட்டர், பிரேக், கிளட்ச். கைக்கருவிக் காரில் ஸ்டீயரிங் சக்கரத்தோடு ஒட்டிய வளையமோ பிடியோ ஆக்ஸிலேட்டர் ஆகின்றது. முன்னே தள்ளும் நெம்புகோல் பிரேக் ஆகின்றது. கிளட்சின் வேலையை இயந்திரமே ஏற்கின்றது. காலினும் கையின் வலி குறைவாதலின், நெம்புகோலின் நீளமும் பிரேக்கிற்குத் துணைசெய்யும் பொறியும் அக்குறையை நிரப்புகின்றன. எனினும் வளைவில் ஒரு கை திருப்ப, மற்றொரு கை வேகத்தையும் தடையையும் ஒருங்கே ஆளவேண்டும். பந்தயத்தில் இஃது எத்துணை அரிதென்பதை யாம் விரித்துரைக்க வேண்டா.

இவ்வரிய வித்தையைக் கைவரப் பெற்ற ரெகஸோனி, கைக்கருவி பூட்டிய வண்டிகளிற் பாரிஸ்–டாக்கர் பாலைவன ஓட்டத்திலும், அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்திலும் கலந்துகொண்டார். அதனினும் பெரிது, தம்மைப் போன்றோர் கார் ஓட்டவும் போட்டியிடவும் உரிமை பெறுதற்கு அவர் உழைத்த உழைப்பாகும். 2006 டிசம்பர் 15-ஆம் நாள் இத்தாலியின் பார்மா நகரருகே நெடுஞ்சாலை விபத்தில் தமது 67-ஆம் வயதில் உயிர் நீத்தார். அதற்கு முந்திய ஆண்டிலேயே, இரு கால்களையும் இழந்த அலெக்ஸ் ஸனார்டி மாற்றியமைத்த காரில் உலகப் போட்டியொன்றை வென்றதைக் காணும் பேறு அவர்க்கு வாய்த்திருந்தது.

நம் நாட்டிலும் மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பெற்றபோது, இயலாதோர் வண்டி என்ற பொருள்படும் பழஞ்சொல் நீக்கப்பட்டு, மாற்றியமைத்த வாகனம் என்ற பொருள்படும் சொல் இடம்பெற்றது. சொல் மாறியது சிறிதெனினும் கருத்து மாறியது பெரிது. குறை மனிதரிடத்தன்று, அவர்க்குப் பொருந்தாத பொறியினிடத்தே என்பதன்றோ அதன் கருத்து?

மாணாக்கர்காள்! நாளை உங்களிற் பலர் பட்டறைகளிலும் ஆலைகளிலும் பொறிகளை வகுப்பீர்கள். ஒரு பொறியை ஒருவரால் இயக்க முடியவில்லையென்றால், அவரை விலக்குமுன் அப்பொறியை ஒருகால் திருத்திப் பாருங்கள். ரெகஸோனியின் வாழ்க்கை நமக்குப் புகட்டும் பாடம் இதுவே.