மனிதரை உருவாக்கிய பொறி

நுழையும்முன்

தலைமடையில் திறந்துவிடப்படும் காவிரி நீர் கடைமடை வயலைச் சென்றடையும்போதுதான் பாசனம் நிறைவுறும். அறிவின் இயல்பும் அதுவே. ஒருவரிடம் தேங்கிய அறிவு அவரோடு முடிந்துபோகும். குழு முழுவதும் பாய்ந்த அறிவு தலைமுறை கடந்தும் விளைச்சல் தரும். இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கப்பட்ட முதல் முழுநிலைக் கணினியின் ஆக்கக் குழுவை வழிநடத்திய தமிழர் ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இரு தொடக்கங்கள்

1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் காரைக்கால் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, இடையிடையே ஆங்கிலேயரிடம் மாறி, மீண்டும் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்துவந்த அக்கடற்கரை நகரின் நிருவாகம் அன்று இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. பிறர் ஆண்ட மண்ணைத் தாமே ஆளும் பொறுப்பு மக்களுக்கு வந்தது.

அதே ஆண்டின் பிற்பகுதியில், மேற்குக் கடற்கரையில் இருந்த பம்பாய் நகரில் மற்றொரு பொறுப்பை இளைஞர் சிலர் ஏற்றனர். பிறர் உருவாக்கிய கணினியை விலைகொடுத்து வாங்கும் நிலையை மாற்றி, கணினியைத் தாமே உருவாக்கிப் பார்ப்பது என்பதே அப்பொறுப்பு. அக்குழுவை வழிநடத்தியவர் இரங்கசாமி நரசிம்மன்.

இளமையும் கல்வியும்

நரசிம்மன் 1926ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் சென்னையில் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று, கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவனத்தில் மின்பொறியியலில் முதுநிலைப் பட்டமும், இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். கருவியைக் கட்டும் பொறியாளரின் கையும், கருத்தை ஆராயும் கணித அறிஞரின் மனமும் அவரிடம் ஒருங்கே அமைந்தன.

அக்காலத்தில் இத்தகைய கல்வி பெற்றவர்க்கு அயல்நாட்டில் வாய்ப்புகள் நிறைந்திருந்தன. எனினும் அவர் 1954இல் தாயகம் திரும்பி, ஓமி பாபா 1945ஆம் ஆண்டு தோற்றுவித்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்.

அறியாமையை ஒப்புக்கொண்ட குழு

அந்நிறுவனத்தில் கணினி உருவாக்கப் பணிக்கென முதலில் அமைந்த குழுவில் இருந்தோர் ஆறு பேரே. அவர்களுள் பெரும்பாலோர் இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்று, மின்னணுவியலில் பயிற்சி உடையவர்கள். அவர்களுள் ஒருவரும் அதற்குமுன் கணினி ஒன்றை வடிவமைத்ததில்லை, பயன்படுத்தியதும் இல்லை. வழிகாட்டும் மூத்தோரும் உள்நாட்டில் இலர். கல்கத்தாவில் இருந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1955இல் இங்கிலாந்திலிருந்து ஒரு கணினியைத் தருவித்துக்கொண்டது. இந்தியாவுக்கு வந்த முதல் கணினி அதுவே.

தம்மிடம் அனுபவம் இல்லை என்பதை மறைத்துக்கொண்டு தொடங்கும் குழு, இடர் வரும்போது ஒருவரையொருவர் குறைகூறத் தொடங்கிவிடும். பம்பாய்க் குழுவோ தன் அறியாமையையே திட்டத்தின் முதற்படியாக்கிக்கொண்டது. பெரிய கணினியை நேரடியாகக் கட்டத் துணியாமல், முதலில் கற்றுக்கொள்வதற்கென்றே சிறிய முன்மாதிரிப் பொறி ஒன்றைக் கட்டுவது என்று முடிவு செய்யப்பட்டது. அது 1956ஆம் ஆண்டின் இறுதிக்குள் இயங்கத் தொடங்கியது.

நாற்றங்காலில் பயிரின் குணமறிந்து, பின்னர் வயலில் நடும் உழவரின் முறை இது. முன்மாதிரியில் நேரும் பிழைக்கு இழப்பு சிறிது. அதனால் கிடைக்கும் பாடமோ பெரிது. பிழை செய்ய அஞ்சாத இடம் ஒன்று அமைந்தால்தான் புதியன கற்க இயலும். இன்று மென்பொருள் உருவாக்கும் குழுக்களும் முழு மென்பொருளையும் ஒரேயடியாக எழுதாமல், சிறு பகுதியை எழுதி, சோதித்து, திருத்திய பின்னரே அடுத்த பகுதிக்குச் செல்கின்றன.

டிஃப்ராக்

முன்மாதிரி தந்த துணிவோடு 1957இல் முழுநிலைக் கணினியின் பணி தொடங்கியது. அது 1960ஆம் ஆண்டு பிப்ரவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. 1962 சனவரியில், நிறுவனத்தின் புதிய கட்டடத்தைத் திறந்துவைக்க வந்த பிரதமர் நேரு அக்கணினிக்கு டிஃப்ராக் எனப் பெயர் சூட்டினார். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் தன்னியக்கக் கணிப்பி என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அப்பெயர்.

அதன் தோற்றம் இன்றைய மாணவர்க்கு வியப்பளிக்கும். கணக்கிடும் பகுதியும் கட்டுப்பாட்டுப் பகுதியும் 18 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட எஃகுச் சட்டகத்தில் பொருத்தப்பட்டிருந்தன. ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழாய்களும், 1,700 செருமேனியம் டயோடுகளும், 12,500 மின்தடைகளும் அதில் இடம்பெற்றன. ஆயினும் அதன் நினைவகத்தில் 2,048 சொற்களை மட்டுமே சேமிக்க இயலும். ஒவ்வொரு சொல்லும் 40 பிட் நீளமுடையது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒளிப்படம் ஒன்றுக்குக்கூட அந்நினைவகம் போதாது.

தெரிந்து தெளிவோம்

டிஃப்ராக்கின் நினைவகம் ஃபெர்ரைட் எனும் காந்தப் பொருளால் ஆன நுண்ணிய வளையங்களால் அமைந்தது. வளையங்களின் ஊடே மெல்லிய கம்பிகள் கோக்கப்பட்டிருக்கும். கம்பியில் மின்னோட்டம் செல்லும்போது வளையம் ஒரு திசையில் காந்தமாகும். மறுதிசையில் மின்னோட்டம் செல்லும்போது காந்தத்தின் திசையும் மாறும். ஒரு திசை 1 எனவும் மறுதிசை 0 எனவும் கொள்ளப்படும். ஒரு வளையம் ஒரு பிட்டைத் தாங்கும். ஆகவே, 2,048 சொற்களுக்கு 81,920 பிட்டுகள் தேவை. குழு பணியைத் தொடங்கிய காலத்தில் உலகெங்கும் இம்முறை புத்தம் புதியதாகவே இருந்தது.

குற்றம் நாடாது குறை நாடல்

பல்லாயிரம் உறுப்புகள் கொண்ட ஒரு பொறியில் ஒரேயொரு வெற்றிடக் குழாய் பழுதானாலும் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும். பழுது எங்குள்ளது என்பதை விரைந்து கண்டறிய வேண்டுமாயின், ஒவ்வொருவரும் தாம் செய்த இணைப்பைப் பிறர் சரிபார்க்க இடங்கொடுக்க வேண்டும். செய்த மாற்றத்தைக் குறித்துவைக்க வேண்டும். தவறு தம்முடையது எனத் தெரிந்தால் தயங்காமல் சொல்ல வேண்டும். தவறு செய்தவர் யார் என்று தேடும் குழுவில் தவறுகள் மறைக்கப்படும். தவறு எவ்வாறு நேர்ந்தது என்று தேடும் குழுவில் அவை வெளிப்பட்டுத் திருத்தப்படும். பொறியின் இயல்பே குழுவிடம் இந்த நேர்மையை வேண்டி நிற்கிறது.

மென்பொருளுக்கும் இவ்வறம் பொருந்தும். ஆயிரக்கணக்கான கட்டளை வரிகளுள் ஒன்று தவறினாலும் செயல் முழுவதும் தடம் மாறும். ஒருவர் எழுதிய கட்டளையை மற்றொருவர் படித்துச் சரிபார்ப்பதும், செய்த மாற்றங்களை ஆவணப்படுத்துவதும் குழுப்பணியின் அடிப்படை நெறிகளாக இன்று போற்றப்படுகின்றன.

தலைவர் இல்லாத மூன்றாண்டுகள்

ஒரு தலைவரின் திறனை அவர் உடனிருக்கும்போது அளப்பது எளிதன்று. அவர் விலகியிருக்கும் காலமே அதற்குரிய உரைகல். டிஃப்ராக் இயங்கத் தொடங்கிய மறு ஆண்டில், அதாவது 1961இல், நரசிம்மன் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுப் பணிக்குச் சென்றார். 1964 வரை அங்கேயே இருந்தார். முதன்மை வடிவமைப்பாளர் அருகில் இல்லாத நிலையிலும் டிஃப்ராக் தொடர்ந்து இயங்கியது. பல நிறுவனங்களைச் சேர்ந்த அறிவியலாளர்களின் கணக்குகளைத் தீர்த்துத் தந்தது. பொறியைப் பற்றிய அறிவு ஒருவர் தலைக்குள் பூட்டிக் கிடக்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இல்லினாயில் அவர் மேற்கொண்ட ஆய்வும் குறிப்பிடத்தக்கது. குமிழ்க் கலங்களில் நுண்துகள்கள் விட்டுச்செல்லும் தடங்களின் ஒளிப்படங்களைக் கணினியே படித்தறிவதற்கான வழியை அவர் ஆராய்ந்தார். சொற்கள் இலக்கண விதிப்படி சேர்ந்து தொடராவது போல, கோடுகளும் புள்ளிகளும் விதிகளின்படி சேர்ந்தே உருவமாகின்றன என்னும் நோக்கில் உருவங்களை விளக்கினார். தொடரியல்வழி உருவறிதல் எனும் துறையின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் மதிக்கப்படுவதற்கு இவ்வாய்வே காரணம்.

முதுமையடைந்த பொறி, முதிர்ந்த குழு

டிஃப்ராக்கின் வரலாற்றில் ஒரு வருத்தமும் உண்டு. குழுவினர் ஆண்டுக்கணக்கில் உழைத்து வெற்றிடக் குழாய்க் கணினியைக் கட்டி முடித்த வேளையில், மேலை நாடுகளில் டிரான்சிஸ்டர் கணினிகள் சந்தைக்கு வந்துவிட்டன. பிறந்தபோதே டிஃப்ராக் பழைய தலைமுறையைச் சேர்ந்ததாகிவிட்டது. 1964இல் டாட்டா நிறுவனத்தில் சிடிசி 3600 என்னும் அமெரிக்கக் கணினி நிறுவப்பட்டது. டிஃப்ராக்கின் பணிக்காலம் விரைவில் முடிவுற்றது.

அப்படியாயின் அத்தனை உழைப்பும் வீணா என்னும் வினா எழுவது இயல்பே. பொறியை மட்டும் கணக்கிட்டால் அதன் பணிக்காலம் சில ஆண்டுகளே. மனிதரையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை வேறாகும். கணினி என்னும் சொல்லே புதிதாய் இருந்த நாட்டில், அதன் ஒவ்வோர் உறுப்பையும் தொட்டு அறிந்த ஒரு தலைமுறை உருவாகியிருந்தது. புதிய கணினி வந்தபோது, அதனை வெறும் பயனாளராக எதிர்கொள்ளாமல், உள்ளியக்கம் அறிந்த வல்லுநராக எதிர்கொள்ளும் ஆற்றல் அவர்களுக்கு வாய்த்தது. விலைகொடுத்து வாங்கும் பொறியோடு இவ்வாற்றல் வருவதில்லை.

நிறுவனங்களை உருவாக்குதல்

தாயகம் திரும்பிய நரசிம்மன், ஒரு குழுவில் விளைந்த அறிவு நாடெங்கும் பாய்வதற்குரிய வாய்க்கால்களை வெட்டுவதில் ஈடுபட்டார். 1965இல் அமைந்த இந்தியக் கணினிச் சங்கத்தின் முதல் தலைவராகப் பொறுப்பேற்றார். 1970களில் டாட்டா நிறுவனத்தின்கீழ் மென்பொருள் வளர்ச்சிக்கெனத் தேசிய மையம் ஒன்று உருவாவதில் பெரும்பங்கு ஆற்றினார். அம்மையமே பின்னர்த் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமாக வளர்ந்தது. 1986இல் தொடங்கிய கல்வி ஆய்வு வலையமைப்பில் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களோடு அதுவும் இணைந்தது. இந்தியாவில் இணையம் வேரூன்றியது அவ்வலையமைப்பின் வழியாகவே.

அரசு நிறுவனமான சிஎம்சி 1975இல் தோன்றுவதற்கும் அவர் துணைநின்றார். 1978இல் ஐபிஎம் நிறுவனம் இந்தியாவிலிருந்து வெளியேறியபோது, அது விட்டுச்சென்ற கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பைச் சிஎம்சி ஏற்றுக்கொண்டது. 1980களில் தொடர்வண்டிப் பயணச்சீட்டு முன்பதிவைக் கணினிமயமாக்கிய மென்பொருளும் அந்நிறுவனத்தின் ஆக்கமே. நடுவண் அரசு 1977இல் நரசிம்மனுக்குப் பத்மசிறீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

மொழியை நோக்கி

பிற்காலத்தில் அவர் உள்ளம் மனித மொழியின்பால் திரும்பியது. குழந்தை எவ்வாறு மொழியைக் கற்கிறது, மொழிவழி நடத்தை எவ்வாறு அமைகிறது என்பன அவரது ஆய்வுப் பொருள்களாயின. இத்துறையில் நூல்களும் எழுதினார். பொறியைக் கட்டியவர், பொறியால் எளிதில் எட்ட முடியாத மனித ஆற்றலை ஆராயத் தொடங்கியது அவரது வாழ்வின் இயல்பான வளர்ச்சியே.

1999இல் அவர் தம் வாழ்க்கைப் பயணத்தைக் கட்டுரையாக எழுதி வெளியிட்டார். மனிதர், பொறிகள், கருத்துகள் எனப் பொருள்படும் தலைப்பை அதற்கு இட்டார். நாட்டின் முதல் முழுநிலைக் கணினியைக் கட்டியவர், தம் வாழ்வை எண்ணிப் பார்க்கையில் பொறிக்கு முன்னால் மனிதரை வைத்தார். 2007ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

கடைமடையில் விளைச்சல்

காரைக்கால் காவிரிப் பாசனத்தின் கடைமடைப் பகுதி. தலைமடையில் இருப்போர் நீரைத் தேக்கிக்கொண்டால் இங்குள்ள வயல் காயும். முறைவைத்து விட்டால் இங்கும் பயிர் தழைக்கும். 1954இல் பம்பாயில் ஒரு சிறு குழு அரும்பாடுபட்டுத் தேடிய கணினி அறிவு, இன்று காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடியில் இயங்கும் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அங்குப் பயிலும் மாணவர் முன் இருக்கும் கணினி டிஃப்ராக்கினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்தது. ஆனால் குழுவாக உழைப்பதற்குத் தேவையான பண்புகள் மாறவில்லை. அறியாததை அறியேன் எனச் சொல்லும் துணிவு, சிறிதாகத் தொடங்கிச் சோதிக்கும் பொறுமை, பிழையை மறைக்காத நேர்மை, தாம் விலகினாலும் பணி தொடரும்படி பிறரை வளர்க்கும் பெருந்தன்மை ஆகியவையே அவை.

டிஃப்ராக் ஓய்ந்து அறுபது ஆண்டுகள் ஆகின்றன. அதனைக் கட்டியபோது மனிதர் பெற்ற அறிவு இன்னும் பாய்ந்துகொண்டிருக்கிறது.