வழக்கில் ஜெயித்தும் காசு பார்க்காத ஜான் கே: காப்புரிமைச் சண்டையில் சமரசமா, கோர்ட்டா?

காஞ்சிபுரம், தாமல் பக்கம் பட்டுத்தறியைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும். உடலுக்கு ஒரு நிறம், இரண்டு பக்கக் கரைக்கும் வேறு நிறம் என்பதால் மூன்று நாடாக்கள் ஓடும். மற்ற பல கைத்தறிகளில் ஒரே ஆள் ஒரு கயிற்றைச் சுண்டினாலே நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்ந்துவிடும். அதுதான் பறக்கும் நாடா. பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க் கேள்வியாகப் படித்திருப்போம், கண்டுபிடித்தவர் ஜான் கே. அதன் பிறகு அவர் என்ன ஆனார்னு பாடத்தில் சொல்வதில்லை.

இங்கிலாந்தின் லங்காஷயரில் பரி என்ற ஊர் அருகே 1704-ல் பிறந்தவர் கே. அப்போது நாடாவைக் கையால்தான் எறிவார்கள். கை எட்டுகிற அகலத்துக்கு மேல் துணி போனால் இன்னொரு ஆள் தேவை. கே நாடாவுக்குச் சக்கரம் வைத்து, தறியின் இருபுறமும் பெட்டி பொருத்தி, நடுவில் ஒரு கயிறு கட்டினார். 1733-ல் காப்புரிமை கிடைத்தது. அன்றைய சட்டப்படி 14 வருஷம்.

வேலை போய்விடும் என்று நெசவாளிகள் எதிர்த்தார்கள். அது எதிர்பார்த்த எதிர்ப்புதான். உண்மையான அடி முதலாளிகளிடமிருந்து வந்தது. 1738-ல் கே லீட்ஸுக்குப் போனார். ஒரு நாடாவுக்கு வருஷம் 15 ஷில்லிங் கட்டணம் கேட்டார், அதாவது முக்கால் பவுண்டு. யார்க்‌ஷயர் துணி உற்பத்தியாளர்கள் நாடாவை எடுத்துக்கொண்டார்கள், காசு மட்டும் தரவில்லை.

கே வழக்கு போட்டார். எதிர்த்தரப்பு செய்த காரியம்தான் இங்கே கவனிக்க வேண்டியது. 'ஷட்டில் கிளப்' என்று ஒரு சங்கம் ஆரம்பித்து, எந்த உறுப்பினர் மேல் கேஸ் வந்தாலும் செலவைப் பொதுப் பணத்திலிருந்து கொடுத்தார்கள். அவர்களுக்குச் செலவு பங்கு பிரிந்தது. கே ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகச் செலவழித்தார். தீர்ப்புகள் பெரும்பாலும் அவர் பக்கமே வந்தன. ஆனா கிடைத்த இழப்பீடு வழக்குச் செலவைத் தாண்டவில்லை!

இன்னொரு சிக்கலும் இருந்தது. 14 வருஷக் கடிகாரம் நிற்காமல் ஓடுகிறது. எதிர்த்தரப்பு ஜெயிக்கவே வேண்டாம், இழுத்தடித்தால் போதும். கட்டணத்தைக் குறைத்து, தனித்தனி ஆட்களை விட்டுவிட்டு அந்தக் கிளப்போடேயே மொத்தமாக ஒரு தொகை பேசியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உரிமை நம்மிடம் இருப்பது வேறு, அதை வசூலிக்க முடிவது வேறு.

1747-ல், கிட்டத்தட்ட திவால் நிலையில், கே பிரான்ஸுக்குக் கிளம்பினார். அங்கே கோர்ட்டுக்குப் போகாமல் நேராக அரசாங்கத்தோடு பேசினார். தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொடுக்க முன்பணமும் வருடாந்தர ஓய்வூதியமும் முடிவாயின. நாடா தயாரிப்பில் மகன்களும் சேர்ந்துகொண்டார்கள். அங்கேயும் காப்பி அடித்தார்கள், அதிகாரிகளோடு மனஸ்தாபமும் வந்தது. ஆனாலும் இங்கிலாந்தில் வராத காசு இங்கே கொஞ்சமாவது வந்தது.

(நூற்பு இயந்திரப் புகழ் ஆர்க்ரைட் வழக்கிலும் ஒரு ஜான் கே வருவார். அவர் கடிகாரம் செய்கிறவர், வேறு ஆள். ஆர்க்ரைட் கேஸ் போடப்போய் 1785-ல் காப்புரிமையையே இழந்தார். கோர்ட்டுக்குப் போவதில் அந்த ரிஸ்க்கும் உண்டு.)

நம்ம ஊர் உதாரணம் பஜாஜ் - டிவிஎஸ். இரட்டை ஸ்பார்க் பிளக் இன்ஜின் தொடர்பாக 2007-ல் தொடங்கிய சண்டை சென்னை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று சுற்றி, 2019-ல் சமரசத்தில் முடிந்தது. 12 வருஷம். இந்தியாவில் காப்புரிமையின் ஆயுளே 20 வருஷம்தான். இப்போது அவசரத் தடை கேட்காத வணிக வழக்குகளில், கேஸ் போடும் முன்பே மத்தியஸ்தத்துக்குப் போக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

கே பற்றிய தகவல் 1779-ல் அவர் எழுதிய ஒரு கடிதத்தோடு நின்றுபோகிறது. 75 வயதை ஒட்டிய நிலையில், தான் செய்தவற்றை அதில் பட்டியலிட்டிருந்தார். அதன் பிறகு எந்தப் பதிவும் இல்லை.