பழைய மாணவர் அணியிலிருந்து வந்த வாத்தியார்

நம்ம காலேஜ் மைதானத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கரிசல் மண். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் பூட்ஸோடு சேர்ந்து மண்ணும் ஒரு கிலோ ஏறிக்கொள்ளும். திருவேங்கடத்திலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் பிராக்டிசுக்கு வந்த கூட்டத்தில் அடியேனும் ஒருவன். ஆனால் அணியில் பதினாலாவது ஆள். தண்ணீர் பாட்டில் தூக்குவதில் முதல் ஆள்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அகில இந்திய ஃபுட்பாலுக்கு சர் அசுதோஷ் முகர்ஜி பெயரில் ஒரு கேடயம் உண்டு. அதில் ஆடும் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாக வேண்டும் என்பதுதான் அன்றைக்கு எங்கள் கனவு. எங்கள் செட்டில் ஒருத்தன்கூடத் தேறவில்லை, அது வேறு விஷயம்.

பின்னாளில் வேலை நிமித்தமாக அமெரிக்காவில் இருந்தபோது, புத்தாண்டை ஒட்டி அங்கே நடக்கும் ரோஸ் பௌல் ஆட்டத்தை டி.வி.யில் பார்த்தேன். பாசடீனா என்ற ஊரில் 1902-ல் தொடங்கிய ஆட்டம். பேர்தான் ஃபுட்பால், பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கிறது! சீசன் முடிந்த பிறகு இரண்டு பல்கலைக்கழக அணிகள் மோதும் ஒரே ஒரு ஆட்டம், அவ்வளவுதான். அதற்கு அந்தப் பெரிய ஸ்டேடியம் நிரம்பி வழிகிறது. என்னை அசத்தியது ஆட்டமல்ல. காலேஜ் கலரில் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்த எழுபது வயதுத் தாத்தாக்கள்தான். எல்லாரும் பழைய மாணவர்கள்.

நம்ம நாட்டில் பழைய மாணவர்கள் ஃபுட்பாலுக்கு என்ன செய்தார்கள் என்ற கேள்வி அன்றைக்கு மனசில் விழுந்தது. தேடிப் பார்த்ததில் வந்து நின்ற பெயர் சையத் அப்துல் ரஹீம். இந்தியா கண்ட கோச்சுகளில் இவருக்கு நிகராக இன்னொருவரைச் சொல்ல முடியாது என்பது என் அபிப்பிராயம்.

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். படித்தது உஸ்மானியா பல்கலைக்கழகத்தில், பி.ஏ. ஆங்கிலத்தை விட்டு உருது மொழியில் உயர்கல்வி கொடுக்கலாம் என்று துணிந்து 1918-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அங்கே நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தார். படிப்பு முடிந்ததோடு நம்மில் பலரைப் போல ஷூவைப் பரணில் போட்டுவிடவில்லை. மூசி ஆற்றங்கரையில் இருக்கும் சிட்டி காலேஜின் இந்நாள், முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரு அணி வைத்திருந்தார்கள். முதலில் லெவன் ஹன்டர்ஸ் என்று பெயர். பிறகு சிட்டி காலேஜ் ஓல்டு பாய்ஸ் என்று ஆனது. பழைய மாணவர் சங்கம் என்றால் வருஷத்துக்கு ஒரு சாப்பாடு, ஒரு குரூப் போட்டோ என்று நாம் இருக்கிறோமே, அவர்கள் அதை ஒரு ஃபுட்பால் கிளப்பாகவே நடத்தினார்கள். ரஹீம் ஆடியது அந்த அணியில்.

பிழைப்புக்குப் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. காச்சிகுடா, சாதர்காட் என்று ஹைதராபாத்தில் பல பள்ளிகளில் பாடம் எடுத்தார். உடற்கல்வி டிப்ளமாவும் முடித்து, பையன்களின் விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். கடைசி வரைக்கும் அவரை ரஹீம் சாகிப் என்றுதான் மரியாதையாகக் கூப்பிட்டார்கள். இந்திய அணிக்காக அவர் ஒரு நாளும் ஆடியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி அவர் கைக்கு வந்தது. அந்த வருஷமே டெல்லியில் டூராண்ட் கோப்பை. இறுதி ஆட்டத்தில் தோற்றது கல்கத்தாவின் மோகன் பகான். பம்பாயில் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை வரிசையாக ஐந்து வருஷம் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஃபுட்பால் என்றால் கல்கத்தா என்றிருந்த காலத்தில் இது சின்ன விஷயமா?

எப்படிச் செய்தார் என்பதுதான் சுவாரஸ்யம். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு நாலு பேரை வெட்டிப் போவதுதான் அன்றைக்கு ஆட்டம், கைதட்டும் அதற்குத்தான். ரஹீம் ஹைதராபாத்தில் டிரிப்ளிங்கே கூடாது என்று விதி வைத்துப் போட்டிகள் நடத்தினார். பந்து வந்ததும் தட்டிவிட்டு இடம் மாற வேண்டும். வராத காலால் மட்டுமே அடிக்க வேண்டும் என்றும் ஒரு போட்டி. வலது கால்காரன் இடது காலால் உதைத்து மண்ணில் விழுந்தால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் இரண்டு சீசன் இப்படி ஆடியவனுக்கு எந்தப் பக்கம் பந்து வந்தாலும் கவலை இல்லை. கணக்கில் வீக்கான பையனுக்குக் கணக்கையே அதிகமாகக் கொடுக்கிற வாத்தியார் புத்தி இது.

ஏழைப் பையன்களைத் தேடிப் பிடித்ததும் வாத்தியார் புத்திதான். செகந்திராபாத் பக்கம் அம்முகூடாவில் துளசிதாஸ் பலராம் என்று ஒரு பையன். பிராக்டிசுக்கு ஹைதராபாத் வரை வந்துபோக வசதி இல்லை என்று தயங்கினான். வாடகை சைக்கிளுக்கு ரஹீமே பணம் கொடுத்து வரவழைத்தார். அந்தப் பையன் மெல்போர்ன், ரோம் என்று இரண்டு ஒலிம்பிக் போனான்.

இந்திய அணிக்கும் ரஹீமே பொறுப்பேற்றார். 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று ஜெயித்துத் தங்கம். மறு வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் சரியான அடி. யூகோஸ்லாவியா பத்து கோல், நாம் ஒன்று. நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது. ரஹீம் அந்தத் தோல்வியைப் பாடமாக எடுத்துக்கொண்டார். ஹங்கேரிக்காரர்கள் ஆடிய விதத்தைக் கவனித்து, இங்கே யாரும் நினைத்துப் பார்க்காத அமைப்புகளை நம் அணிக்குள் கொண்டுவந்தார்.

பலன் 1956-ல் மெல்போர்னில் தெரிந்தது. சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்தோம். நெவில் டிசோசா மூன்று கோல். ஒலிம்பிக் ஃபுட்பால் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய அணி நம் அணிதான். அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியா. முதல் கோல் நாம் போட்டோம். பிறகு அவர்கள் நாலு போட்டுவிட்டார்கள். கடைசியில் நான்காம் இடம். 1960 ரோமில் பிரான்ஸோடு 1-1 டிரா. ஆனால் ஹங்கேரியிடமும் பெருவிடமும் தோற்று முதல் சுற்றோடு சரி. தஞ்சாவூர்ப் பக்கத்துச் சைமன் சுந்தர்ராஜ் அந்த அணியில் இருந்தார்.

ஆனால் ரஹீமின் ஆட்டம் எது என்று கேட்டால் 1962 ஜகார்த்தா என்பேன். தென் கொரியாவிடம் 0-2 தோல்வியோடு தொடக்கம். தாய்லாந்து ஆட்டத்தில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். தையல் போட வேண்டியதாயிற்று. வேறு கோச் என்றால் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீம் கட்டுப்போட்ட தலையோடு அவரைக் கொண்டுபோய் முன்வரிசையில் நிறுத்தினார்! அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் அடித்தார்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். மறுபடியும் தென் கொரியா. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கூடிய மைதானம், அத்தனை பேரும் நமக்கு எதிரி. இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்ததால் வந்த கோபம் அது. நமக்காகக் குரல் கொடுத்தவர்களில் பாகிஸ்தான் ஹாக்கி அணியினரும் உண்டு என்பார்கள். கோலுக்குக் காவல் யார் என்று ஒரு பிரச்னை. காய்ச்சலில் படுத்திருந்த பீட்டர் தங்கராஜ், ஹைதராபாத்தில் பிறந்து மெட்ராஸ் ரெஜிமெண்டில் வளர்ந்தவர், நல்ல உயரம். ரஹீம் அவரையே இறக்கினார். பதினேழாவது நிமிஷம் பி.கே. பானர்ஜி ஒரு கோல். இருபதாவது நிமிஷம் ஜர்னைல் இன்னொன்று. கடைசியில் கொரியா ஒன்று போட்டும் 2-1. தங்கம்.

அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் இந்தியா ஃபுட்பால் தங்கம் வாங்கவில்லை. ரோமுக்குப் பிறகு ஒலிம்பிக் ஃபுட்பாலில் கால் வைக்கவும் இல்லை.

ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய். சிகரெட்டை விடாத மனுஷன். ஜகார்த்தா தங்கத்துக்கு ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூன் 11-ல், 53 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். பத்ம விருது எதுவும் அவர் வீட்டுக்கு வரவில்லை. 2024-ல் அவர் கதை இந்தியில் ‘மைதான்’ என்று சினிமாவாக வந்தபோது, என்னோடு வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் கற்பனைக் கதை என்றே நினைத்தார்கள்.

தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. சங்கமம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுமுன் பழைய மாணவர்களுக்கும் உங்களுக்கும் ஒரு ஆட்டம் வைக்கலாம் என்று கேட்டிருக்கிறேன். விதி ரஹீம் சாகிப் விதிதான்: டிரிப்ளிங் கிடையாது, பந்து வந்ததும் தட்டிவிட வேண்டும். ஓட முடியாத எங்களுக்கு அது சௌகரியம் என்று நீங்கள் சந்தேகப்பட்டால், அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இந்தத் தடவை தண்ணீர் பாட்டிலை வேறு யாராவது தூக்கட்டும்.