ஃபிர்மினி ஆலயமும் அதன் கட்டடக் கலைஞரும்

சண்டிகர் நகரத்தை வடிவமைத்தவர் என்று நாம் அறிந்த லெ கொர்புசியே, கத்தோலிக்கத் திருச்சபைக்கும் ஆலயங்களை வடிவமைத்துத் தந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1887-ல் சுவிட்சர்லாந்தில் ஒரு புராட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்தார். தந்தை கடிகாரங்களுக்கு எனாமல் பூசும் தொழிலாளி. வளர்ந்தபின் எந்தச் சபையிலும் அவர் விசுவாசியாக வாழவில்லை.

அப்படிப்பட்டவரை நம்பி ஆலயப் பணிக்குப் பரிந்துரைத்தவர் தொமினிக்கன் சபைக் குருவான அருட்தந்தை கூத்தூரியே. எல்லோருக்கும் வரும் துணிவல்ல அது! பிரான்சின் ரோன்ஷாம்ப் குன்றில், 1944-ல் போரில் சிதைந்த சிற்றாலயத்தின் இடத்தில், 1955-ல் கான்கிரீட்டில் அன்னை மரியாவுக்குப் புதிய சிற்றாலயம் எழுந்தது.

அடுத்து வந்ததுதான் சோதனை. ஃபிர்மினி, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர். அதன் மேயர் குளோதியுஸ்-பெத்தி தம் நண்பரான லெ கொர்புசியேயிடம் புனித பேதுரு ஆலயத்துக்கு வரைபடம் கேட்டார். அடியில் சதுரமாகத் தொடங்கி, மேலே போகப் போக வட்டமாகக் குவியும் கோபுரம் போன்ற வடிவம். உயரம் 33 மீட்டர். கிழக்குச் சுவரில் ஒளி நுழைய, ஓரியன் விண்மீன் கூட்டத்தின் அமைப்பில் சிறு துளைகள்.

1965 ஆகஸ்ட் 27 அன்று கடலில் நீந்தும்போது லெ கொர்புசியே இறந்தார். வயது 77. அடிக்கல்கூட அப்போது நாட்டப்படவில்லை.

1973-ல் தொடங்கிய வேலை, பணமின்றி 1978-ல் நின்றது. 1905-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரான்சில் வழிபாட்டுக்கு அரசுப் பணம் தர இயலாது. மறைமாவட்டமும் கைகொடுக்கவில்லை. அதற்காக அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பங்கில் கட்டட வேலை பார்த்தவர்களுக்குச் செலவுக் கணக்கின் சுமை தெரியும். கீழ்ப்பகுதி மட்டும் எழுந்த கான்கிரீட் கட்டடம் இருபத்தைந்து ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றது. இடித்துவிடலாம் என்றும் பேச்சு எழுந்தது. 1989-ல் குளோதியுஸ்-பெத்தி இறந்தபோதும் அது அரைகுறையாகவே இருந்தது.

லெ கொர்புசியேயிடம் இளைஞராகப் பணியாற்றிய ஜோசே உப்ரெரி 2006-ல் அதைக் கட்டி முடித்தார். சட்டத்துக்கு ஒரு வழி கண்டார்கள்: கீழ்த்தளங்களை அருங்காட்சியகக் கண்காட்சிக்கு ஒதுக்கி, அதற்கே பொதுப்பணம் செலவிடப்பட்டது, மேல்தளம் வழிபாட்டுக்கு. எனக்கு இந்த ஏற்பாடு சற்று நெருடலே. ஆனால் வேறு வழியிருந்ததாகவும் தெரியவில்லை.

2016-ல் யுனெஸ்கோ அவருடைய 17 படைப்புகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ரோன்ஷாம்ப் சிற்றாலயம் அதில் உண்டு. அவர் கண்ணால் காணாத ஃபிர்மினி ஆலயம் இல்லை.