வியர்வைக்கு வடிவம் தந்தவர்

சிலைகளுக்குப் பஞ்சமில்லாத நகரம் சென்னை. குதிரைமீது வீற்றிருக்கும் கோலத்தில் சர் தாமஸ் மன்றோ 1839 முதல் தீவுத்திடல் பக்கம் காட்சி தருகிறார். 1857 கிளர்ச்சியின்போது குருதி ஆறு ஓடவிட்ட நீல் துரைக்குக்கூட இந்நகரின் பெருஞ்சாலையிலே சிலை இருந்தது. இளைஞர்கள் பொங்கி எழுந்தனர், சிறை சென்றனர், அதன் பிறகே 1937-இல் அது வீதியைவிட்டு அகன்றது. ஆண்டவருக்குச் சிலை! அடக்கியவருக்குச் சிலை! அரசருக்கும் அரசிக்கும் சிலை!

சாலை போட்டவன் எங்கே? கப்பலில் வந்த மூட்டையை முதுகில் ஏற்றிக் கரை சேர்த்தவன் எங்கே? 1875-இல் நம் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்ட இங்கிலாந்து இளவரசர் வந்தார். அவர் வந்த செய்தி ஏட்டில் ஏறிற்று. 1881-இல் புயல் அடித்து அலைதடுப்புச் சுவர் சிதைந்தது. சிதைந்ததை மீண்டும் கட்டினார்கள். கட்டியவர்களின் பெயரை எந்த ஏட்டிலே தேடுவது? எந்தக் கல்வெட்டிலே படிப்பது?

இந்தக் கேள்விக்கு நெடுங்காலம் பதில் இல்லை. 1959 ஜனவரி 25 அன்று, காமராசர் முதலமைச்சராக இருந்த நாளில், கடற்கரைச் சாலையிலே பதில் கிடைத்தது. நான்கு பேர். இடையிலே துண்டுத்துணி. எதிரே ஒரு பெரும்பாறை. குனிந்து, நிமிர்ந்து, நெம்பி, உந்தி, நால்வரும் அதனை நகர்த்துகிறார்கள். முதுகுத்தசை முறுக்கேறி நிற்கிறது. காலடி மண்ணைப் பற்றி நிற்கிறது. மன்னரும் இல்லை, மந்திரியும் இல்லை, மகானும் இல்லை. நீயும் நானும், நம் தந்தையும் தமையனும் அங்கே நிற்கிறோம். அதுதான் உழைப்பாளர் சிலை!

அந்தச் சிலையை அறியாதவர் இல்லை. பேருந்து நிறுத்தத்துக்கே அதன் பெயர். அதை வடித்தவர் யார் என்று கேட்டால் மட்டும் நம்மிலே பலர் விழிப்போம். உழைப்பாளியை உலகுக்குக் காட்டியவரை உழைப்பாளி வீட்டுப் பிள்ளை அறிந்திருக்க வேண்டாமா?

அவர் பெயர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1899-இல், இன்றைய வங்கதேசத்தில் உள்ள ரங்கபூர்ப் பகுதியில், ஜமீன் குடும்பத்திலே பிறந்தவர். பல்லக்கும் பணியாளும் சூழ்ந்த வீட்டுப் பிள்ளை, களிமண்ணைக் கையில் எடுத்தது! அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். மேலைநாட்டு முறையில் உருவங்களைத் தீட்டவும் கற்றார். பின்னர் சிற்பத்தில் இறங்கினார். குஸ்தி பிடித்தார், குழல் ஊதினார், வேட்டைக்குப் போனார், வங்க மொழியில் கதைகள் எழுதினார். மனித உடலின் வலிமையை ஏட்டில் படித்தவர் அல்லர்; தம் தோளிலும் தொடையிலும் அறிந்தவர். அந்த அறிவுதான் பின்னாளில் வெண்கலத் தசையாக முறுக்கேறி நின்றது.

1929-இல் அவர் சென்னைக்கு வந்தார். வந்த இடம் எது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் அதன் வேர் நம் வடசென்னையிலேதான் இருக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர், பிராட்வேயிலே தம் சொந்த முயற்சியால் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவிலே எழுந்த முதல் ஓவியப் பள்ளி அது. சில ஆண்டுகளில் அரசு அதனை ஏற்றது. பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போயிற்று. இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்று நிற்பது அதுதான்.

அந்தப் பள்ளியில் வெள்ளையர் ஆட்சி எதை வளர்த்தது? கைத்தொழிலை வளர்த்தது. மட்பாண்டம், மரவேலை, உலோகவேலை. ஆல்பிரட் சாட்டர்டன் 1898-இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கியதும் அங்கேதான். நம் வீட்டு அடுப்படியிலே அலுமினியக் குண்டான் வந்து அமர்ந்த கதையின் முதல் ஏடு ஓர் ஓவியப் பள்ளியில் எழுதப்பட்டது என்றால் வியப்பாக இல்லையா?

இதைக் குறை சொல்வதற்கில்லை. கைத்தொழில் இழிவானதல்ல. ஆனால் அதற்குள்ளே ஓர் உள்நோக்கம் ஒளிந்திருந்தது. இந்தியனுக்குக் கை போதும். கண்ணும் கருத்தும் வேண்டியதில்லை. வரைந்து தந்த மாதிரியைப் பார்த்துச் செய்யட்டும். தானாக ஒன்றை எண்ணி வரைய வேண்டாம். மேலே சொல்பவன், கீழே செய்பவன்! இந்த ஏற்பாடு நமக்குப் புதிதா? ஒரு குலம் ஓதவும் ஒரு குலம் உழைக்கவும் என்று நூற்றாண்டுகளாக நம்மிடம் இருந்த ஏற்பாடுதானே அது? சட்டை மட்டும் வேறு!

அந்தப் பள்ளியின் தலைமைப் பொறுப்பேற்ற முதல் இந்தியர் ராய் சௌத்ரி. 1929 முதல் 1957 வரை ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் அதனை நடத்தினார். பட்டறையை மூடவில்லை, பட்டறைக்குப் பக்கத்திலே ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் உரிய இடத்தைக் கொடுத்தார். மாதிரியைப் பார்த்து நகல் எடுப்பதோடு நில்லாமல், உயிருள்ள மனிதனை எதிரே நிறுத்தி, உற்றுப் பார்த்து வரையும் பயிற்சியை வலுப்படுத்தினார். கைக்குக் கண்ணைத் துணையாக்கினார். கண்ணுக்குக் கருத்தைத் துணையாக்கினார்.

பயிற்சி வீணாகவில்லை. அவரிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கர் அவருக்குப் பின் அதே கல்லூரியின் முதல்வரானார். 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். அவரிடம் பயின்ற எஸ். தனபால், பெரியாரின் முகத்தைச் சிற்பமாக்கி, பின்னாளில் தாமும் முதல்வரானார். ஓர் ஆசிரியரின் அளவுகோல் அவர் வடித்த சிலை மட்டுமல்ல. அவர் வளர்த்த ஆளும்தான்.

அவர் பெரிய மனிதர்களின் சிலைகளையும் செய்தார். கடற்கரையில் நடைபோடும் காந்தியார் சிலை அவர் படைப்பே. 1958-இல் பத்மபூஷண் விருது வந்தது. 1954-இல் தொடங்கிய லலித் கலா அகாடமியின் முதல் தலைவராகவும் இருந்தார். ஆனால் அவர் கை எவரை நாடிச் சென்றது என்று பாருங்கள்.

1936-இல் திருவாங்கூரில் ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது. வைக்கம் தெருவிலே நடக்கும் உரிமைக்காக 1924-இல் பெரியார் சிறை புகுந்து மூட்டிய கனல், பன்னிரண்டு ஆண்டுகளில் கோயில் கதவையே திறக்க வைத்த வரலாறு அது. ஒதுக்கப்பட்டவர்கள் உள்ளே நுழைந்த அந்த நிகழ்ச்சியை ராய் சௌத்ரி வெண்கலத்தில் வடித்தார். 1942 ஆகஸ்ட் 11 அன்று பாட்னா செயலகத்தின்மீது கொடி ஏற்றச் சென்ற ஏழு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த எழுவரையும், விழுபவரும் விழுந்தவரை மீறி முன்னேறுபவருமாக அவர் நிறுத்தினார். 1956-இல் அது திறக்கப்பட்டது. 1943-இல் வங்கத்தைப் பஞ்சம் சூறையாடியது, இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். 1952-இல் அவர் செய்த சிற்பம் ஒன்றின் பொருள், பசிக்கு இரையானோர்!

பசித்தவன், சுடப்பட்டவன், ஒதுக்கப்பட்டவன், உழைத்தவன். ஜமீன் வீட்டிலே பிறந்தவரின் கை போய்ச் சேர்ந்த இடம் இது.

உழைப்பாளர் சிலைக்கு மாதிரியாக நின்றவர்கள் யார் தெரியுமா? கல்லூரியின் காவலாளி ஒருவரும், அங்கே பணியாற்றிய ஆசிரியர் ஒருவரும். ஆளுக்கு இரண்டு உருவங்களுக்கு நின்றனர் என்பது வரலாறு. வாயிலில் நின்றவனும் வகுப்பில் நின்றவனும் ஒரே பாறையைத் தள்ளுகிறார்கள்! மேலும் கீழும் ஒன்றாகும் சமத்துவம் அந்தச் சிலையின் பொருளில் மட்டுமல்ல, அது பிறந்த விதத்திலேயே இருக்கிறது.

இடத்தையும் எண்ணிப் பாருங்கள். 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதல் மே நாள் கூட்டத்தை நடத்தியது இந்நகரக் கடற்கரையில். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்து குண்டடியும் பட்டனர். உரிமை கேட்டு மணலில் உட்கார்ந்திருந்தவன், முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து அதே கடற்கரையில் பீடத்தின்மேல் ஏறி நின்றான்.

இப்போது ஒரு குரல் எழும். சோற்றுக்கே வழியில்லாதவனுக்குச் சித்திரம் எதற்கு, சிற்பம் எதற்கு? மில் ஓடட்டும், கூலி உயரட்டும், குடிநீர் வரட்டும். கலை பிறகு வரட்டும்!

நியாயமான கேள்விதான். பசியை எவரும் சித்திரம் காட்டி ஆற்ற முடியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன். துறைமுகத்துக் கலாசி கடப்பாரையை எங்கே கொடுத்தால் எந்திரம் அசையும் என்று கண்ணாலேயே அளந்து, பிறகே ஐலசா போடுகிறான். திருவொற்றியூர், எண்ணூர்ப் பட்டறைகளில் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவன் ஃபிட்டர். தெரியாதவன் கடைசிவரை எடுபிடி. காசிமேட்டிலே படகின் வளைவை ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறார் தச்சர். இவையெல்லாம் கண்ணின் கல்வி அல்லவா? வார்ப்படத் தொழிலாளிக்கு வெண்கலச் சிலை ஒரு மர்மமே அல்ல. களிமண்ணில் உருவம் செய்து, அதற்கு அச்சு எடுத்து, உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறிய பின் அச்சை உடைத்து, பிசிறு சீவி எடுப்பது அவன் அன்றாடம் காணும் வேலையின் உடன்பிறப்பு. உழைப்பாளர் சிலையின் முன்னே நிற்கும்போது, அந்த நால்வரை மட்டுமல்ல, அவர்களை வார்த்த வேலையையும் அடையாளம் காணக்கூடியவன் நம் தொழிலாளி. ஆனால் அது உன்னுடைய கலை என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை!

சொல்லாததன் விளைவு என்ன? கண்ணாடி இல்லாத வீட்டில் வளர்ந்த பிள்ளை தன் முகத்தை அறியாது. தன்னுடைய வாழ்வைப் படத்திலும் சிலையிலும் பாடப்புத்தகத்திலும் காணாத பிள்ளை, தன் வாழ்வு காட்டத் தகுந்ததே அல்ல என்று எண்ணிக்கொள்ளும். தந்தையின் கைக்காய்ப்பைக் கண்டு வெட்கப்படும். அந்த வெட்கம்தான் அடிமைத்தனத்தின் அரிச்சுவடி. ராய் சௌத்ரியின் நான்கு வெண்கல மனிதர்கள் அழிப்பது அந்த வெட்கத்தைத்தான்.

இனிப் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். ஓவியம், உடற்கல்வி, தையல், இசை முதலியவற்றைக் கற்பிக்க வந்தவர்கள். தொடக்கத்தில் மாதத் தொகுப்பூதியம் ரூ.5,000. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் அவர்கள் வீதியில் நின்றனர். கணக்குக்கு முழுநேர ஆசிரியர், கலைக்கு அரைநாள் ஆசிரியர்! தேர்வு நெருங்கினால் ஓவிய வகுப்பைப் பிற பாடங்கள் கடன் வாங்கிக்கொள்ளும். திருப்பித் தருவதே இல்லை. கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளை மாலையில் தனி வகுப்புக்குப் போய் வண்ணம் தீட்டுகிறது. இராயபுரத்துப் பிள்ளைக்கு அந்த ஒரு வகுப்புத்தான் உண்டு. அதையும் எடுத்துக்கொண்டால், இந்தியனுக்குக் கை போதும் என்ற பழைய ஏற்பாட்டை நாமே புதுப்பிக்கிறோம் என்றுதானே பொருள்?

ராய் சௌத்ரி 1975-இல் மறைந்தார். அவருக்கு நன்றி சொல்ல மாலை தேவையில்லை, மேடையும் தேவையில்லை. இராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள ஒவ்வொரு பள்ளியும் ஆண்டில் ஒருநாள் தன் பிள்ளைகளை உழைப்பாளர் சிலைக்கு அழைத்துச் செல்லட்டும். தாளும் பென்சிலும் கையில் கொடுக்கட்டும். ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்த நால்வரை வரையட்டும். கோணலாக வரட்டும், குற்றமில்லை. மறுநாள் வீட்டிலே தந்தை வேலைக்குப் புறப்படும் கோலத்தையும், தாய் மீன்கூடை தூக்கும் கோலத்தையும் வரையச் சொல்லட்டும். அந்தப் படங்களைப் பள்ளிச் சுவரில் ஒட்டட்டும். பெற்றோரை அழைத்துக் காட்டட்டும்.

பெரிய செலவில்லை, தோழர்களே. ஒரு பென்சில், ஒரு தாள், வாரத்துக்கு இரண்டு வகுப்பு, அதை நடத்த முழுச் சம்பளத்தோடு ஓர் ஆசிரியர். இதைக் கேட்டு வாங்குவது நம் பெற்றோர் கூட்டங்களின் கடமை!