மரியா மாண்டிசோரி அம்மையார்

இத்தாலி நாட்டின் சியாராவல்லே என்னும் ஊரில் 1870 ஆகஸ்ட் 31-ல் பிறந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1896-ல் உரோமையில் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில், பெற்றோர் கூலி வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரற்றுத் திரிந்த சிறுவர்களுக்காக, 1907 ஜனவரி 6, மூவரசர் திருநாளன்று குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். மரக்கட்டைகளை அடுக்கியும், சொரசொரப்பான எழுத்துகளை விரலால் தடவியும் அப்பிள்ளைகள் தாமாகவே கற்றனர். கை விளையாடும்போதே அறிவும் வளர்கிறது என்பதை அம்மையார் அங்கே கண்டார்.

1939-ல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு அவருடைய மகன் மாரியோவைக் காவலில் வைத்தது. தாயின் எழுபதாம் பிறந்த நாளில் மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர் நம் பழனி மலைத்தொடரிலுள்ள கொடைக்கானலில் தங்கி, பிள்ளைகளோடு இருந்து தம் முறையை வளர்த்தார். 1952 மே 6-ல் ஹாலந்தில் காலமானார்.

காலையில் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் விரையும் பெற்றோரே! உங்கள் பிள்ளை பயற்றைப் படியில் அளந்து கொட்டி விளையாடினால் அதட்டாதீர்கள். அது வீண்பொழுது அன்று, அதன் முதற்பாடம்.